கொடியில் காய்ந்த மஞ்சள் பஞ்சு

இன்று காலை இலை கூட்டுகிறவர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் ஊதுகிற மெஷினை முதுகில் சுமந்துகொண்டு நம் வேலியோரமாக நடந்தான். மெல்லிய நீலப் புகை குசினி யன்னலுக்குள் வந்தது. பெற்றோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற மணம். முன்பென்றால் யன்னலை அடித்துச் சாத்தியிருப்பேன். இன்று தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் அடுத்த வரிசை வீடுகளுக்குப் போகும்வரை அப்படியே நின்றேன். தேநீர் ஆறிப்போனது. ஊற்றிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் எதையும் முதலில் ஒரு தாளில் எழுதி, திருத்தி, பிறகு நல்ல தாளில் எழுதுகிறவள். கடைக்குப் போகும் சிட்டையும் இரண்டு தரம் எழுதுகிறேன் என்று சிரிப்பீர்கள். இதை நேரே எழுதுகிறேன். சொல்ல வேண்டிய மற்றவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்கள் ஏற்கவில்லை. மிச்சம் நீங்கள்தான்.

உங்களுக்கு ஒரு காது இருந்தது. ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம், எங்கள் சனம் பழைய கார் வாங்கப் போனால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். "அண்ணை, சனிக்கிழமை நிக்கிறியளோ? ஒரு வான் பாக்கப் போகோணும்." ஒஷாவாத் தொழிற்சாலையில் ஐந்து நாளும் நின்று வேலை செய்துவிட்டு, ஆறாம் நாள் யாரோ ஒருவருடைய வாகனத்துக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்கள். எஞ்சின் ஓடும். நீங்கள் கேட்பீர்கள். தலையசைத்தால் வாங்கலாம். "நல்ல வடிவான நிறம்" என்று சொன்னால் விற்கிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு எல்லோரும் திரும்பிவிட வேண்டும். யாருடைய மனமும் நோகாமல் வேண்டாம் என்று சொல்ல நீங்கள் கண்டுபிடித்த வழி அது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. உங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்த குகன், தனக்குப் பேசிவந்த பெண்ணின் படத்தைக் கொண்டுவந்து காட்டினானே, அவள் உடுத்திருந்த சீலையைப் பார்த்து நீங்கள் நல்ல மனதோடு "வடிவான நிறம்" என்று சொல்ல, அவன் முகம் அப்படியே விழுந்துபோனது. அவனைத் தேற்ற எனக்கு இரண்டு கோப்பை தேநீர் செலவானது.

வேலையிலிருந்து நின்ற அந்த ஏப்ரலில், ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரரிடம் அந்த டேர்ட் பைக்கைப் பார்த்தீர்கள். சிவப்பு நிறம், ரூ-ஸ்ரோக் எஞ்சின், ஏற்கெனவே இரண்டு கை மாறியது. காட்டுப் பாதையில் மட்டும் ஓட்டுகிற வண்டி. முன்னால் ஒரு விளக்குக்கூட இல்லை. நான் குகனுடைய வானுக்குள் யன்னலை ஏற்றிவிட்டு இருந்தேன். நீங்கள் வழமையைவிட நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். பிறகு தலையசைத்தீர்கள். கூட வந்தவர்களுக்காக இல்லை, உங்களுக்காகவே.

"அறுபத்து மூண்டு வயசில உதில ஏறி ஆருக்குக் காட்டப் போறியள்?" என்று கேட்டேன்.

"ஆருக்கும் இல்லை. இவ்வளவு காலமும் மற்றவையின்ர வாகனத்துக்குக் காது குடுத்தன். இது என்ர."

குகன் வானை எடுத்துக்கொண்டே, "அக்காவுக்கும் பின்னால ஒரு சீற் போட்டுவிடுவம்," என்றான்.

"நீர் முதல்ல உம்மட வானைக் கழுவும்," என்றேன்.

நான் மூன்று நிபந்தனை வைத்தேன். சேற்றுச் சப்பாத்து வீட்டுக்குள் வரக்கூடாது. கராஜ் நிலத்தில் ஒரு சொட்டு எண்ணெய் கிடக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போவதென்றால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட வேண்டும். "நீர் சொன்னாச் சரி," என்றீர்கள். நம்முடைய நாற்பது வருடத்திலும் எதற்கும் அதைத்தான் சொன்னீர்கள். அது உங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை அந்தக் கோடையில் நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் மாலைப் பூசைக்குப் போனதும் நான் கராஜுக்குள் இறங்குவேன். கன்னியர் மடத்தில் எங்களுக்குத் தையல் படிப்பித்த சிஸ்ரர் இரண்டு விடயங்களை ஓயாமல் சொல்வார். கண் படாத இடத்தைத்தான் முதலில் துடைக்க வேண்டும் என்பது ஒன்று. செய்த நன்மையை வாயால் சொன்னால் அதில் பாதி போய்விடும் என்பது மற்றது. இரண்டையும் நான் அறுபது வயது கடந்தும் விடவில்லை.

உங்கள் பைக்கின் பக்கத்தில் ஒரு மூடி. ஒரே ஒரு ஆணி, கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே என் இரண்டு கையும் சேர்ந்த அளவில் ஒரு மஞ்சள் பஞ்சு. எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிப்பது என்று நீங்கள் ஒரு நாள் குகனுக்குச் சொன்னது காதில் விழுந்திருந்தது. காற்று வடிக்கிற பஞ்சு பிசுபிசுவென்று எண்ணெய் பிடித்துக் கிடந்தது. அதை ஊத்தை என்று நினைத்தேன். கொதிநீரில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கும்மி, பஞ்சு வெளிறும்வரை அலசி, துவாயில் சுற்றிப் பிழிந்து, பின்வளவுக் கொடியில் தலையணை உறைகளுக்கு நடுவில் காயவிட்டேன். கோடை வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் போதும். நீங்கள் பூசை முடிந்து வருவதற்குள் பஞ்சு அதன் இடத்துக்குப் போய்விட்டது. மூடியைத் துடைத்தும் வைத்தேன். அடுத்த சனியும் அப்படித்தான். ஒவ்வொரு சனியும் அப்படித்தான். ஞாயிறு விடிய நீங்களும் குகனும் உங்கள் பைக்குகளை வானில் ஏற்றிக்கொண்டு போகும்போது, படியில் நின்று பார்த்து எனக்குள் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

ஜூலை முடிகிற நேரம் பைக் குழப்பம் கொடுக்கத் தொடங்கியது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் மூன்றாம் உதைக்கு ஸ்ராட் ஆகும். சூடேறி ஒரு தரம் நின்றுவிட்டால் பிறகு எத்தனை தரம் உதைத்தாலும் கிளம்பாது. இரண்டு கிழமை போக, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. நீங்கள் பதறவில்லை. "நெருப்பு, எண்ணெய், காத்து. மூண்டில ஒண்டு. லேசானதில இருந்துதான் துவங்கோணும்," என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோசம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டி பழுதாகிப் போனதில் ஒரு மனிதன் இவ்வளவு மகிழ்வானா என்று.

முதலில் நெருப்பு. ப்ளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, என்னை மின்விளக்கை அணைக்கச் சொல்லி, கிக்கரை உதைத்தீர்கள். நீலமாகப் பொறி விழுந்தது. நல்ல பொறி. இருந்தும் புதுப் ப்ளக் போட்டீர்கள். பிறகு எண்ணெய். பெற்றோலுக்குள் எண்ணெய் கலக்கிற அளவை என் மருந்துக் குவளையில் நானே அளந்து பார்த்தேன். நீங்கள் கலந்தது சரியாகத்தான் இருந்தது. பிழை பிடிக்க முடியாதது எனக்குச் சிறு ஏமாற்றம். காபரேற்றரைக் கழற்றிப் பேப்பரில் பரப்பி, ஊசித் துளைகளை ஒவ்வொன்றாக ஊதினீர்கள். பிறகு காற்று. மூடியைத் திறந்து பஞ்சை எடுத்து நசித்துப் பார்த்தீர்கள். "காத்தில பிழை இல்லை," என்றீர்கள்.

அது ஒரு புதன்கிழமை. நீங்கள் எப்போதும் கிழமை நாளில்தான் பார்த்தீர்கள். ஞாயிறு மாலை காட்டிலிருந்து வந்ததும் பஞ்சில் அப்பியிருக்கும் மண்ணைக் கழுவி நீங்களே அதற்கு எண்ணெய் பூசி வைத்துவிடுவீர்கள். திங்கள், செவ்வாய், புதன், எந்த நாள் திறந்து பார்த்தாலும் அது சரியாக இருக்கும். சனி மாலையிலிருந்து ஞாயிறு வரைக்கும்தான் அது பிழையாக இருந்தது. அந்த நேரத்தில்தான் நீங்கள் அதை ஓட்டினீர்கள்.

எஞ்சினுக்குள் எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்க்கப் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தீர்கள். அந்தத் தண்ணீரைக் கரைத்துத் தந்தவள் நான். ஒரு குமிழும் வரவில்லை. கடைசியில் யாரிடமோ ஒரு அழுத்தமானி இரவல் வாங்கி, ப்ளக் இருந்த துளையில் பொருத்தி உதைத்தீர்கள். முள்ளு எழும்ப வேண்டிய அளவுக்கு எழும்பவில்லை. கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"உள்ளுக்குத் தேஞ்சு போச்சு," என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கேக்க நல்லாத்தான் கிடந்தது. நான் கேட்டனான்," என்றீர்கள்.

குகன் சிரித்தான். "அண்ணை, காதுக்கும் கண்ணாடி போடிற வயசு வந்திட்டுது போல."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்த மனிசன் உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான்," என்று சொன்னேன். சொன்னதோடு நிற்கவும் இல்லை. அன்றிரவே பண்ணைக்காரருக்கு ஒரு ஆங்கிலக் கடிதம் எழுதினேன். கன்னியர் மடத்து ஆங்கிலம். ஒரு தகாத சொல் கிடையாது, ஆனால் வாசிக்கிறவர் நாணிப்போவார். நீங்கள் வாங்கிப் படித்துப் பார்த்து, "நான் போஸ்ற் பண்ணிவிடுறன்," என்றீர்கள். பதில் வரவில்லை. குற்றம் செய்தவன் எப்படிப் பதில் எழுதுவான் என்றேன். அந்தக் கடிதம் எந்தக் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஒகஸ்ற் கடைசியில் ஒரு பிறந்தநாள் விழா வந்தது. மண்டபம் நிறைய நம்முடைய ஆட்கள். "உலகத்துக்கே வாகனம் பாத்துக் குடுத்தவர், தனக்கு எண்டு ஒண்டு வாங்கேக்க ஏமாந்து போய் நிக்கிறார்," என்று கதையைத் தொடங்கினேன். நான் கதை சொன்னால் நன்றாகச் சொல்வேன். பண்ணைக்காரர் எப்படிச் சிரித்தார், நீங்கள் எப்படிக் கண்ணை மூடினீர்கள், எல்லாம் நடித்தே காட்டினேன். மேசையே குலுங்கிச் சிரித்தது. பக்கத்து மேசையிலும் கேட்டார்கள், திரும்பவும் சொன்னேன். நீங்கள் கையில் பாதி தின்ற ரோல்சை வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான். பாதருக்குச் சுகமில்லை என்று பூசை விரைவாக முடிந்திருக்கிறது. நான் மேலே சீலை மடித்துக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தால், நீங்கள் பூசைக்குப் போட்ட நல்ல சேட்டோடு பின்வளவில் கொடிக்கு முன்னால் நிற்கிறீர்கள். தலையணை உறைகளுக்கு நடுவில் அந்தப் பஞ்சு. ஒரு கையால் அதை நசித்துப் பார்த்தீர்கள். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தீர்கள். பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு அப்படியே நின்றீர்கள்.

நான் யன்னலைத் திறந்தேன். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. நல்ல வெயில்."

"கண்டிட்டியள் என்ன? சொல்லாமல் செய்வம் எண்டிருந்தன். ஒவ்வொரு சனியும் கழுவிக் காயவிட்டுத்தான் வைக்கிறனான்."

"ஒவ்வொரு சனியுமோ?"

"பின்னை? அந்த எண்ணெய்ப் பிசுக்கோட விடுறதே?"

நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். மாலை வெயில் உங்கள் கண்ணில் பட்டது. "வடிவாக் கழுவியிருக்கிறீர்," என்றீர்கள்.

நான் மகிழ்ந்துபோய் யன்னலைச் சாத்தினேன்.

அன்றிலிருந்து நீங்கள் பிழை தேடுவதை விட்டுவிட்டீர்கள். கண்டுபிடித்தாகிவிட்டது என்பதால் விட்டீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அலுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். குளிர்காலம் முழுவதும் கராஜில் இருந்து எஞ்சினைக் கழற்றினீர்கள். சிலிண்டரை எங்கோ அனுப்பிச் சரிசெய்வித்தீர்கள். புதுப் பிஸ்ரன் வந்தது. ஏப்ரலில் இரண்டாம் உதைக்கு அது கிளம்பியபோது குகன், "அப்ப என்னதான் அண்ணை பிழை?" என்று கேட்டான். நான் தேநீரோடு பக்கத்தில் நின்றேன்.

"வாங்கேக்க நான் சரியாப் பாக்கேல்லை," என்றீர்கள்.

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. நான் மண்டபத்தில் சொன்ன கதைக்கு நீங்களே கையெழுத்து வைத்த மாதிரி. போன் வருவது குறைந்தது. ஒரு சனிக்கிழமை குகன் தன் மைத்துனருக்குக் கார் பார்க்கப் போனதை, வாங்கி முடித்த பிறகுதான் சொன்னான். "உங்களைக் கரைச்சல்படுத்த வேண்டாம் எண்டுதான் அண்ணை." நீங்கள், "அதுக்கென்ன, நல்ல கார்," என்றீர்கள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோடைக்குள் கேட்பதே நின்றுவிட்டது. சனிக்கிழமை காலைகளில் நீங்கள் முன்னறையில் பேப்பரோடு இருப்பீர்கள். போன் மணி அடித்தால் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கும். எனக்கு என்று தெரிந்ததும் திரும்ப மேலே போகும். அதை நான் பார்த்தேன். வயது போகிறது, ஓய்வெடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணித்தியாலம் முந்தி எழும்பத் தொடங்கினீர்கள். கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். "பூசைக்கு ஒரு நாளும் இப்பிடி எழும்பினதில்லை," என்று படுக்கையிலிருந்தே சொல்வேன். நான் சனிதோறும் கழுவிக்கொண்டே இருந்தேன். நான்கு கோடைகள்.

போன வருடம் செப்ரெம்பர் கடைசிச் சனியும் கழுவினேன். ஞாயிறு விடிய நீங்கள் கராஜுக்குப் போனீர்கள். மழை பிடித்துக்கொண்டது, குகன் வரவில்லை என்றான். திங்கட்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். புதன்கிழமை நீங்கள் இல்லை.

வைகாசியில் பைக்கை விற்கலாம் என்று மகள் கல்கரியிலிருந்து விளம்பரம் போட்டாள். நஸீர் என்று ஒருவர் வந்தார். கிழக்கு மாகாணத்து முஸ்லிம், ஐம்பது வயது இருக்கும்; ஸ்காபரோவில் சின்ன எஞ்சின்கள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். ஒரு குளிர்காலம் முழுவதும் நின்ற வண்டி, அவர் நான்கு தரம் உதைக்கக் கிளம்பியது. கராஜ் முழுக்கப் புகை. அவர் அணைத்துவிட்டுப் பக்க மூடியைத் திருகித் திறந்தார். பஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"இத வச்சிருந்தவர் நல்லாப் பாத்திரிக்கார் அம்மா."

"கழுவுறது நான்," என்றேன். "ஒவ்வொரு சனியும்."

"அப்ப எண்ணெ பூசுறதும் நீங்கதானா?"

"என்ன எண்ணெய்?"

அவர் விரலைக் காட்டினார். பசை போல நூலாக இழுபட்டது. "இந்த எண்ணெதான். கழுவிக் காயவிட்டு இதப் போட்டுப் பிசையணும். அப்பதான் மண்ணப் பிடிக்கும். காஞ்ச பஞ்சப் போட்டா சல்லட மாதிரி, மண்ணெல்லாம் உள்ள போயிரும். ரெண்டு மாசத்தில எஞ்சின் போச்சு."

நான் கடைசியாகக் கழுவிய பஞ்சு அது. என் கையால் வெளிறும்வரை அலசிக் காயவைத்து உள்ளே வைத்த பஞ்சு. ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்கள் எண்ணெய் பூசி வைத்திருந்தீர்கள்.

மேல்தட்டில் பழந்துணியில் சுற்றி வைத்திருந்த பழைய பிஸ்ரனை எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மண் திண்டிரிக்கு," என்றார். "வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்," என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. அவர் தலையசைத்தார். "இல்லம்மா. இது இப்பிடியிருந்திருந்தா வாங்கக்குள்ள சத்தமே வேற மாதிரி இரிந்திரிக்கும். கேட்ட ஆளுக்கு வெளங்கியிரிக்கும்."

"நான்தான் காயவைச்சுப் போட்டனான்," என்றேன்.

அவர் ஆச்சரியப்படவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை. "நடக்கிறதுதான்," என்று சொல்லிவிட்டு மூடியை முடுக்கினார். இதுவரை நான் சொன்னதை நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு என்னைத் தெரியாது.

அன்று முதல் ஒரு கணக்கை என்னால் தீர்க்க முடியவில்லை. நான்கு கோடை, ஒவ்வொரு ஞாயிறும், மூட்டு வீங்கிய விரல்களோடு அந்தப் பஞ்சைப் பிசைந்தீர்கள். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். "இஞ்சாரும், அதைக் கழுவ வேண்டாம்." அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை? என் மனம் நோகக்கூடாது என்றா? அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆனால் பார்க்டேல் ஞாபகம் வருகிறது. வந்த புதிதில், ஒரு அறையில் இருந்தபோது, யாருக்கோ நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ஒரு பிழை இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். பிழை இருந்தது உண்மை. ஒன்பது நாள் நான் உங்களோடு பேசவில்லை. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கட்டில், ஒன்பது நாள். பத்தாம் நாள் நீங்கள்தான், "நான்தான் வடிவாப் பாக்கேல்லைப் போல," என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு ஒரு பிழையும் சொன்னதாக ஞாபகமில்லை. நான் பிழையே விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்பா, பயமா? நாற்பது வருடம் கூட இருந்த மனிதரிடம் கேட்கக்கூடிய கேள்விதானா இது. உங்களிடமே கேட்டாலும், எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

ஆண்டுப் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு கொடுத்தேன். கார் பார்க்க உங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு தொடங்க முதல் எழும்பி நின்றேன். "ஒரு விசயம் சொல்லோணும். இவர் ஏமாறேல்லை. வாங்கேக்க பைக் நல்லாத்தான் இருந்தது. அதைப் பழுதாக்கினது நான்," என்று தொடங்கி, பஞ்சு, சவர்க்காரம், கொடி, எண்ணெய், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

குகன்தான் எழும்பி வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, அவர் போய் ஒரு வருசம். இன்னும் அண்ணையை விட்டுக்குடுக்காமல் நிக்கிறியள் பாருங்கோ," என்றான்.

"விட்டுக் குடுக்கிற கதை இல்லை, குகன். நடந்ததைச் சொல்லுறன்."

பின்னாலிருந்து ஒரு பெடியன், அவனும் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், சொன்னான்: "அன்ரி, நீங்கள் பிழை விட்டனீங்கள் எண்டா ஆர் நம்புவினம்? உங்கட கராஜ் நிலத்தில சோறு போட்டுச் சாப்பிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனதோடுதான். இன்னொருவர், "அண்ணை தங்கமான மனிசன். ஆனா அவருக்கு ஆரும் எதையும் வித்துப்போடலாம்," என்றார். திரும்பவும் சிரிப்பு. பண்ணைக்காரர் எப்படிச் சிரித்தார் என்று ஒருவர் நடித்துக் காட்டினார். நான் அந்த விழாவில் நடித்துக் காட்டிய அதே மாதிரி, ஒரு அசைவும் பிசகாமல். நான் முதலிலிருந்து திரும்பவும் சொன்னேன். கணவனை இழந்தவளின் பேச்சுக்குத் தலை குனிவது போலக் குனிந்து கேட்டார்கள். பிறகு குகன் என் கையைப் பிடித்து, "சாப்பிடுங்கோ அக்கா, ஆறப்போகுது," என்றான்.

பத்தொன்பது வருடம் ஒரு வைத்தியசாலையில் கோப்புகள் பார்த்தேன். ஒரு கோப்பு இடம் மாறியதில்லை. நான் ஒன்றைச் சொன்னால் யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை. உங்கள் நண்பர்களும் சரிபார்க்கவில்லை, நீங்கள் ஏமாந்தீர்கள் என்று நான் சொன்னபோது. என் வாயால் வந்த முதல் குற்ற ஒப்புதலைத்தான் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

போன கிழமை குகன் போன் எடுத்தான். பழைய வான் ஒன்று வாங்கியிருக்கிறான். மூன்றாம் நாள் ஹைவேயில் நின்றுவிட்டதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "அண்ணை கூட வந்திருந்தாலும் தலையை ஆட்டித்தான் இருப்பார், அக்கா."

"இல்லை, குகன்," என்றேன். "அவர் கேட்டிருப்பார்."

"ஓம் அக்கா," என்றான், மரியாதைக்கு. பிறகு, குளிர் வருகிறது, வீட்டுக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

நான் பிழை விடாதவள் என்ற பெயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆளாளாகப் போய்த் திருப்பிக் கொடுத்துப் பார்க்கிறேன். ஒருவரும் வாங்குகிறார்கள் இல்லை.